கால் பட்டால் உறுமும் பெட்டி

எழுதிப் பழகாத கை இது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. ஒற்றெழுத்து விட்டுப்போகும், ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குள் போய்விடுவேன், பெயர்கள் பாதி மறந்துவிட்டன. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சங்கத்துக் கூட்டத்தில் வந்து பேசுங்கள் என்றுதான் முதலில் கூப்பிட்டார்கள். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தாள் என்றால் அது என்னைத் திரும்பிப் பார்க்காது. அதனால் எழுதுகிறேன்.

எழுத உட்கார வைத்தது ஒரு வரி. ஒலி ஒளி அமைப்பாளர் சங்கம் போட்ட விழா மலர் ஒன்றை என் தம்பி மகள் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் காலத்து ரேடியோக் கடைகளில் பெண்கள் உள்ளறையில் காயில் என்கிற செம்புக் கம்பிச் சுருள் சுற்றினார்கள், பழுது பார்க்கும் மேசையில் ஆண்கள் இருந்தார்கள் என்று அதில் போட்டிருந்தது. எழுதியவர் சின்னப் பிள்ளை, யாரோ சொன்னதை எழுதியிருக்கிறார். அவர்மேல் கோபம் இல்லை. ஆனால் காரைக்குடியில் ஒரு கடையின் முன் மேசையில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம், நான் உட்கார்ந்திருந்தேன். அது சும்மா கிடைத்த இடம் இல்லை. பிடுங்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை. அந்தக் கதையை எழுதுகிறேன்.

அப்பா நகை வேலை செய்தவர். தங்கக் கட்டுப்பாடு வந்த வருஷங்களில் எங்கள் பட்டறையில் நெருப்பு அணைந்தது. தெருவில் பல ஆசாரிமார் ஊரைவிட்டே போனார்கள். அப்பா போகவில்லை, வேறு வேலைக்கும் போகவில்லை, ஊதுகுழலைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் சிறு பிள்ளையிலிருந்து அவர் பக்கத்தில் இருந்து சங்கிலிக் கண்ணிகளுக்குப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்தவள். நெருப்பு எங்கே படலாம், எங்கே படக்கூடாது என்பது கைக்குத் தெரியும். ரேடியோக் கடையும் மைக் செட்டும் வைத்திருந்த சபாபதி அண்ணன் அப்பாவைத் தெரிந்தவர். காயில் சுற்ற ஆள் வேண்டும் என்று வந்து கேட்டார். போனேன். கொஞ்ச காலம் காயில், பிறகு ஈயம் பற்றவைப்பது, பிறகு வால்வு செட், பிறகு டிரான்சிஸ்டர். கற்றுக்கொண்ட கதையை நீட்டினால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. எல்லோரும் கற்றுக்கொள்கிற மாதிரிதான், கையைச் சுட்டுக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

அண்ணனின் வேலை முறையைச் சொல்ல வேண்டும். ஒரு செட் கடைக்கு வந்தால் அவர் அதைத் தொட மாட்டார். கொண்டுவந்தவரை எதிரே நிறுத்தி, என்ன சத்தம் வருகிறதோ அதை வாயால் போட்டுக் காட்டச் சொல்வார்.

“கரகரங்குதுங்க.”

“கரகரங்குதுன்னு சொல்லாதீக. அப்படியே சத்தம் போட்டுக் காட்டுங்க.”

வந்தவர் பெரிய மனிதராக இருந்தாலும் விட மாட்டார். அங்கவஸ்திரம் போட்டவர்கள் எல்லாம் எங்கள் கடை வாசலில் நின்று உம்ம் என்றும் ஸ்ஸ் என்றும் டொப் டொப் என்றும் சத்தம் போட்டிருக்கிறார்கள். போகிறவர் வருகிறவர் சிரித்துக்கொண்டு போவார்கள். அதன் பிறகு வேலை பார்க்கிறவரும் அதே சத்தத்தைத் திருப்பிப் போட வேண்டும். இரண்டு பேர் சத்தமும் ஒத்துப்போனால்தான் திருப்புளியை எடுக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மெதுவாக உம் என்பேன்.

“முந்தானைய எடு தெய்வானை. அது ட்ரெபிள் பூராத்தையும் தின்னுது” என்பார்.

உம் என்றால் வெளியே இருந்து கரண்டின் சத்தம் உள்ளே வருகிறது. ஸ் என்றால் டிரான்சிஸ்டரோ வால்வோ இரைகிறது. கரகர என்றால் அழுக்கு, இல்லாவிட்டால் எங்கோ பிடிப்பு விட்டிருக்கிறது. சத்தம் தெரிந்தால் பாதி இடம் தெரிந்துவிடும். அதன்பின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். “ரெண்டை மாத்திப்புட்டா, எது சரி பண்ணுச்சுன்னு சாமிக்குக்கூடத் தெரியாது” என்பார். இன்று சர்க்யூட் பலகையோடு கழற்றி மாற்றுகிறார்கள், அதனால் இதெல்லாம் வேண்டியதில்லை என்கிறார்கள். இருக்கட்டும்.

எங்கள் கடையில் இன்னொன்றும் உண்டு. காலையில் மேசைக்குச் சாம்பிராணி காட்டிய பிறகுதான் வேலை தொடங்கும். செருப்பு வாசலோடு சரி. தப்பித் தவறி ஒரு திருப்புளியின் மேல் கால் பட்டுவிட்டால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். தொழில் சாமான் தரையில் கிடக்காது. அப்பா பட்டறையிலும் இதே வழக்கம்தான், எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

எழுபதுகளில் ஊருக்கு ஊர் மெல்லிசைக் குழுக்கள் கிளம்பின. எங்கள் மைக் செட் போகிற குழு ஒன்றில் கிதார் வாசித்தவர் சொக்கலிங்கம், நெற்குப்பை என்கிற ஊரில் வசதியான வீட்டுப் பிள்ளை. சொக்கு என்று கூப்பிடுவார்கள். அவர் ஒரு நாள் ஒரு படம் வரைந்த தாளோடு வந்தார். கிதாருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவில் வைக்கிற ஒரு பெட்டி. காலால் மிதித்தால் கிதாரின் சத்தத்தைக் கிழித்து, நாயனம் மாதிரி நீளமாக இழுத்துக் கொடுக்குமாம். வெளிநாட்டுச் சாமான், கடையில் வாங்க முடியாது, நாமே செய்ய வேண்டும் என்றார்.

அண்ணன் தாளைப் பார்த்தார். “ரெண்டு டிரான்சிஸ்டர், நாலஞ்சு ரெசிஸ்டர். தெய்வானை, இது உன் வேலை.”

அண்ணனின் மச்சினன் வேலுச்சாமி அப்போது பக்கத்தில் இருந்தார். மைக் செட்டை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கட்டுவது அவர் பொறுப்பு. நான் முன் மேசைக்கு வந்ததிலிருந்தே அவருக்கு மனசு ஆறவில்லை. “ஏன் மச்சான், மேடைக்குப் போற சாமான். ஆம்பளையா பாத்துக் குடுக்கலாம்ல” என்றார். அண்ணன் காதில் விழாத மாதிரி இருந்தார். அப்படி இருப்பதில் அவர் கெட்டிக்காரர்.

உள்ளே வைக்கிறதை எல்லாம் நான் செய்துவிட்டேன். அதை அடைக்க ஒரு சாதாரணத் தகரப் பெட்டி கொண்டுவாருங்கள் தம்பி என்று சொக்குவிடம் சொன்னேன். அவர் கொண்டுவந்தது எனாமல் பூசிய இரும்புப் பெட்டி. வெள்ளை வெளேர் என்று, நீல விளிம்பு வைத்து, கண்ணாடி மாதிரி பளபளப்பு.

“தகரம்னுதானே தம்பி சொன்னேன்.”

“உள்ள இரும்புதானே அக்கா? தகரம் அசிங்கமா இருக்கும். மேடையில நாலு பேரு பாக்குற சாமான்.”

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ஒரு குணம். பத்துப் பைசா மிட்டாயைக்கூட நல்ல பாத்திரத்தில் வைத்துத்தான் கொடுப்பார்கள். சரி என்று வாங்கிக்கொண்டேன். தண்ணீர் விட்டு விட்டு மெதுவாகத் துளை போட்டேன், இல்லாவிட்டால் எனாமல் பொரிந்து தெறிக்கும். கிதார் வயர் வந்து சொருகுகிற சாக்கெட்டுகளைப் பக்கவாட்டில் வைத்து முடுக்கினேன். மிதிக்கிறதற்குத் தனியாகச் சுவிட்ச் கிடைக்கவில்லை. வீட்டு வாசலில் வைக்கிற அழைப்பு மணிச் சுவிட்சை மூடியில் பதித்தேன். அதை அமுக்கிக்கொண்டிருக்கும் வரை பெட்டி வேலை செய்யும்.

மேசைமேல் வைத்து, அவர் வாசிக்க, நான் கட்டைவிரலால் அமுக்கினேன். கடை அதிர்ந்தது. தெருவில் போனவர் நின்று, “யாருய்யா அது, கடைக்குள்ள நாயனம் வாசிக்கிறது?” என்றார். சொக்குவுக்கு முகம் பூரித்துப்போயிற்று. எனக்கும்தான்.

கல்லலில் நடந்த கச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் வேலுச்சாமி கடைக்குள் வந்த வேகத்தில் செருப்பைக்கூட வாசலில் விடவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்று, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அண்ணன் கேட்காமலேயே சத்தம் போட்டார்.

“உம்ம்ம்ம்ம்ம்! போதுமா? இன்னும் வேணுமா?”

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

“நல்லா உருக்கமான பாட்டு மச்சான். கூட்டம் கப்சிப்புன்னு இருக்கு. இந்தப் பய பெட்டியில காலை வச்சான் பாருங்க, உம்ம்முன்னு கிளம்பிருச்சு. கிதாரே கேக்கலை. ஒருத்தன் எந்திரிச்சு, லாரி வருதுடா ஒதுங்குங்கடாங்குறான். இன்னொருத்தன், மாட்டைப் புடிச்சுக் கட்டுங்கப்பாங்குறான். பாடுற புள்ள அழுதுருச்சு. குழுக்காரரு சொல்லிட்டாரு, இனிமே இந்தப் பெட்டி கூட வந்தா சொக்குவும் வேணாம், நம்ம செட்டும் வேணாம்னு.”

“இங்க உறுமலையே” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“இங்க எங்கத்தா உறுமும்? இங்க நீ தடவிக் குடுக்குறே” என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, “அடுத்து மானகிரியில கச்சேரி இருக்கு. ஒரு தடவை பாப்போம். அங்கயும் உறுமுச்சுன்னா இவளை உள்ளறைக்கு அனுப்பிருங்க. காயில் சுத்தட்டும். முன் மேசைக்கு நான் ஆள் கொண்டாறேன்” என்றார்.

அண்ணன் கையில் இருந்த ரெசிஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “சரி” என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

அந்தச் சரி எனக்குள் எங்கே போய் இறங்கியது என்று எழுதத் தெரியவில்லை. உள்ளறையில் ஜன்னல் கிடையாது. அது பெரிதில்லை. காயில் சுற்றுவதும் கேவலமான வேலை இல்லை, நானே சுற்றியவள். ஆனால் தெரிந்த வேலையைக் கையிலிருந்து வாங்கிவிட்டு, உனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்புகிறார்கள் பாருங்கள், அதை நான் ஏற்கத் தயாராக இல்லை. அப்பா ஒரு தடவை அப்படி உட்கார்ந்ததைப் பார்த்தவள் நான்.

“உறுமலைன்னா?” என்று கேட்டேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“உறுமலைன்னா உன் மேசை உன் மேசை” என்றார் அண்ணன்.

தேட ஆரம்பித்தேன். பெட்டிக்குள் இருப்பது சின்ன பேட்டரி. பேட்டரி உம் என்று சொல்லாது. உம் என்பது வீட்டுக் கரண்டின் சத்தம், டியூப்லைட்டிலும் மெயின் வயரிலும் இருந்து வருவது. அது உள்ளே போகாமல் தடுக்கத்தான் இரும்புப் பெட்டியே. கிதார் வயர் வழியாகச் சாக்கெட்டுக்கு வருகிற எர்த்தோடு பெட்டி சேர்ந்திருந்தால், வருகிற சத்தத்தை அது தானே வாங்கி எர்த்தில் விட்டுவிடும். இது அந்த வேலையைச் செய்கிற ஒரு பெட்டி என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் பெட்டியைத் தவிர மற்றதை எல்லாம் சந்தேகப்பட்டேன்.

ஈயம் வைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எல்லாம் முத்து மாதிரி இருந்தன. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் இருந்தன. கிதார் வயரை மாற்றினேன். மேசைமேல் வைத்து அமுக்கினால் சத்தமே இல்லை. பழைய வயரையே திரும்பப் போட்டேன், அதிலும் இல்லை. டிரான்சிஸ்டரை மாற்றினேன். வெயில் ஏறினால் அந்த ரகம் ஸ் என்று இரையும், ஆனால் உறுமாது. ஆம்ப்ளிபயரை மாற்றினேன். ஒன்றும் இல்லை. உறுமுகிற சாமானைச் சரி பண்ணலாம். உறுமவே மாட்டேன் என்கிற சாமானை என்ன பண்ணுவது?

மேடையில் சீரியல் லைட் கட்டியிருப்பார்களே, அதனாலோ என்று கடையில் இருந்த சீரியல் செட்டை எடுத்து என் மேசையைச் சுற்றிக் கட்டி எரியவிட்டேன். பச்சையும் சிவப்புமாக எரிகிறது, நான் நடுவில் உட்கார்ந்து கட்டைவிரலால் பெட்டியை அமுக்கிக்கொண்டிருக்கிறேன். வேலுச்சாமி வந்தார்.

“என்ன தெய்வானை, கல்யாணமா? சொல்லவே இல்லை. மாப்பிள்ளை எங்குட்டு?”

எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை, பிறகும் ஆகவில்லை. அவர் சொன்னது குத்தத்தான். மேசைதான் மாப்பிள்ளை என்று சொல்ல அன்று வாய் வரவில்லை. இன்று சொல்கிறேன்.

அண்ணன் தள்ளியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சீரியல் செட்டைக் கழற்றும்போது பக்கத்தில் வந்து, “அங்க உறுமுது, இங்க உறுமலை. அப்ப அங்க நடக்குற ஏதோ ஒண்ணு இங்க நடக்கலை. சாமானைப் பாத்தது போதும். என்ன நடக்குதுன்னு பாரு” என்றார். அவருக்கும் அது என்னவென்று தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார், ஒளித்துவைக்கிற ஆள் இல்லை.

மானகிரிக் கச்சேரிக்கு முந்தின நாள் மத்தியானம் சொக்குவை வரச் சொன்னேன். அவர் தனியாக வரவில்லை. அவருடைய தாயார் பழுது பார்த்த ரேடியோவை வாங்கிப் போகக் காரில் கூட வந்திருந்தார். வெள்ளைச் சேலை, கழுத்தில் ருத்திராட்சம், கையில் விசிறி. வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்த ஆச்சி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு விசிற ஆரம்பித்தார்.

“தம்பி, மேடையில எப்படி வாசிப்பீகளோ அச்சு அசலா அப்படியே இங்க வாசிங்க” என்றேன்.

அவர் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். வாசித்தார். வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்து, “அமுக்குங்க அக்கா” என்றார்.

கட்டைவிரலைக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினேன். அவருக்கு இரண்டு கையும் கிதாரில். இங்கே அமுக்குவது நான்.

“மேடையில யாரு தம்பி அமுக்குறது?”

“நான்தான்.”

“எதால?”

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “காலாலதான் அக்கா” என்றார்.

கால் பெட்டி என்று எல்லோருக்கும் தெரியும். காலால் மிதிக்கத்தான் செய்தோம். ஆனால் கடைக்குள் அதை ஒருவர்கூடத் தரையில் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை, அண்ணனும் வைக்கவில்லை. தொழில் சாமானில் கால் படக்கூடாது என்பது அப்படி ஊறிப்போயிருந்தது, அதை யோசிக்கவே தோன்றவில்லை.

“இங்கயும் காலால மிதிங்க” என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. “அக்கா, ஆத்தா இருக்காக. இந்தப் பெட்டி அவுகளோட கல்யாணச் சீர்ச் சாமான். கிதார் கம்பி போட்டு வைக்கன்னு சொல்லித்தான் வாங்கியாந்தேன்.”

நாளைக்கு மானகிரி. இன்று விட்டால் வேறு நாள் இல்லை.

“நீங்க வாசிங்க. நான் மிதிக்கிறேன்.”

பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தேன். குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, வலது காலை எடுத்து அதன்மேல் வைத்து அழுத்தினேன்.

உம்ம்ம்ம்ம்.

கடையில் இருந்த கண்ணாடி அலமாரி கிணுகிணு என்றது. லாரி என்று கல்லல்காரர் சொன்னதில் தப்பே இல்லை.

“ஏய், ஏய்! என்னத்தா பண்றே?” ஆச்சி எழுந்துவிட்டார். “அது என் சீர்ச் சாமான்! எங்கப்பச்சி ரங்கூன்லேருந்து கொண்டாந்தது! காலைத் தூக்கி வைக்கிறே?”

வேலுச்சாமி உள்ளேயிருந்து ஓடிவந்தார். “பாத்தீகளா மச்சான், இதுக்குத்தான் சொன்னேன். ஏய், எறக்குத்தா காலை!”

“எறக்க மாட்டேன்” என்றேன்.

அதுவரை யாரிடமும் அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. காதெல்லாம் சுட்டது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு எதிரே யார் நிற்கிறார்கள் என்றே சரியாகத் தெரியவில்லை. காலை மட்டும் எடுக்கவில்லை.

“எடுத்தா சத்தம் நின்னு போயிரும். இப்ப நின்னா நாளைக்கு மேடையிலதான் வரும். இருக்கட்டும், உறுமட்டும்.”

“பொம்பளை கால் பட்டா எந்தப் பெட்டிதான் உறுமாது?” என்றார் வேலுச்சாமி.

அண்ணன் தன் இடத்திலிருந்து எழுந்து வந்தார். தள்ளு என்பதுபோல் கையைக் காட்டினார். நான் காலை எடுத்ததும் சத்தம் நின்றது. அவர் குனிந்து, பெட்டியைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். முதலில் கட்டைவிரலால் சுவிட்சை அமுக்கினார். சுத்தம். பிறகு காலை வைத்தார். உம்ம்ம்ம்.

“எல்லாக் காலுக்கும் ஒரே சத்தந்தான் வேலுச்சாமி. வேணும்னா நீயும் வச்சுப் பாரு.”

வேலுச்சாமி வைக்கவில்லை.

“ஆமா, ஆமா” என்றார் ஆச்சி. “வரிசையா நில்லுங்க. ஊருல உள்ளவுக எல்லாம் ஆளுக்கொரு மிதி மிதிச்சுட்டுப் போங்க. என்னைக் கட்டிக்குடுக்கையில அதுக்குத்தானே குடுத்தாக!”

அண்ணன் கால் பெட்டியின்மேல் இருக்க, நான் தரையில் உட்கார்ந்து ஒரு வயரை எடுத்தேன். ஒரு முனையைச் சாக்கெட்டின் நட்டில் வைத்தேன், மறு முனையைப் பெட்டியின் சுவரில் வைத்தேன். உறுமல் குறையவில்லை. எனாமலில் கரண்டு பாயாது, வயர் இரும்பைத் தொடவில்லை. துளை போட்டபோது விளிம்பில் கொஞ்சம் பொரிந்து இரும்பு தெரிந்த இடம் ஒன்று இருந்தது. அங்கே முனையை அழுத்தினேன். சத்தம் சட்டென்று நின்றது. எடுத்தேன், உறுமியது. வைத்தேன், நின்றது.

விஷயம் இவ்வளவுதான். இரும்புப் பெட்டி எர்த்தோடு சேரவே இல்லை. சாக்கெட்டை நான் எவ்வளவு முடுக்கினாலும் அது எனாமலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. துளையின் உள்விளிம்பில் மட்டும் ஏதோ தற்செயலாகத் தொட்டுக்கொண்டு இருந்தது. விரலால் அமுக்கினால் பெட்டி அசையாது, தொடுப்பு விடாது. ஆள் எடையில் கால் வைத்தால் மூடி அழுந்தி, பக்கச் சுவர் விரிந்து, தொடுப்பு விட்டுப்போகும். அப்புறம் அந்தப் பெட்டியே சுற்றியிருக்கிற கரண்டுச் சத்தத்தை எல்லாம் வாரி உள்ளே கொடுக்கும். தகரப் பெட்டியாக இருந்தால் இது வந்திருக்காது. நான் தகரம்தான் கேட்டேன். இதை என் தப்பு என்று அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எழுந்து ஆச்சியின் முன்னால் போய் நின்றேன். சாமான் அவருடையது. அவரைக் கேட்காமல் அடுத்ததைச் செய்ய முடியாது.

“ஆச்சி, உள்ளுக்குள்ள கொஞ்சம் எனாமலைச் சுரண்டணும்.”

“மிதிச்சது பத்தாதா?”

“சுரண்டலைன்னா நாளைக்கும் உறுமும்.”

“சுரண்டினா வாயை மூடுமா?”

“மூடும்.”

“மூடலைன்னா?”

“மூடலைன்னா நாளையிலேருந்து நான் இந்த மேசையில இருக்க மாட்டேன் ஆச்சி.”

ஆச்சி விசிறியை மடியில் வைத்துவிட்டு என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். சொக்கு சுவரோடு சுவராக நின்றார். வேலுச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆச்சி அந்தப் பக்கம் திரும்பாமலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“அடியில என் பேரு போட்டிருக்கு. அதுல கை படக்கூடாது. உள்ள எங்கன வேணும்னாலும் சுரண்டிக்க” என்றார். பிறகு மகனிடம் திரும்பி, “கம்பி வைக்கன்னு சொன்னேல்ல? வீட்டுக்கு வா, பேசிக்கிருவோம்” என்றார்.

அரத்தை எடுத்து, இரண்டு சாக்கெட் துளைகளைச் சுற்றியும் உள்பக்கம் எனாமலைச் சுரண்டி இரும்பைப் பளிச்சென்று வெளியே கொண்டுவந்தேன். பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கினேன், அது இரும்பைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அதோடு விடவில்லை. இடது மூலையில் ஒரு சின்னத் துளை போட்டு, அங்கேயும் சுரண்டி, தனியாக ஒரு ஸ்குரூவும் பல் வாஷரும் வைத்து, அதிலிருந்து எர்த் வயரைப் பற்றவைத்தேன். ஆச்சி நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கடைசி வரை பார்த்தார். அடியில் இருந்த பெயரின் பக்கம் என் கை போகிறதா என்று பார்த்தாரோ, வேலையைப் பார்த்தாரோ தெரியாது. முடித்ததும் தரையில் வைத்து, தொட்டு ஒற்றிக்கொண்டு, ஏறி முழு எடையோடு நின்றேன். இழுத்து வாசித்த கிதார் மட்டும் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் மானகிரிக்கு நானும் போனேன். அண்ணன் வரச் சொன்னார். மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிபயரை ஒட்டி நின்றேன். சீரியல் லைட்டும் டியூப்லைட்டும் ஒரே வெளிச்சம். அதே உருக்கமான பாட்டு வந்தது. சொக்கு காலை வைத்தார். நாயனம் மாதிரி நீளமாக ஒரு சத்தம் எழுந்து, கூட்டத்தின் மேலே போய், மெதுவாக இறங்கியது. இறங்கிய பிறகும் அவர் காலை எடுக்கவில்லை. பாடுகிற பெண் அடுத்த வரிக்காக மூச்சு வாங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதைத் தவிர ஒன்றும் இல்லை.

வேலுச்சாமி வால்யூமைக் கூட்டினார். ஒன்றும் இல்லை. இன்னும் கூட்டினார்.

“என்னத்தா, பயந்துட்டியா?” என்றார் என்னைப் பார்த்து.

“பயந்து பயந்து திருகுறது நீங்கதானே?” என்றேன்.

மறுநாள் நான் கடைக்குப் போகும்போது என் மேசைக்கு அண்ணனே சாம்பிராணி காட்டியிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “மேசை உன்னோடதுதான். ஆனா கடைக்குள்ள சாமானை மிதிக்கிறது வேணாம் தெய்வானை. பாக்குறவுக ஒரு மாதிரி பேசுவாக” என்றார்.

அவர் சொன்ன எத்தனையோ கேட்டிருக்கிறேன். இதைக் கேட்கவில்லை. ஒரு பலகையை மேசைக்கு அடியில் போட்டேன். அந்த மாதிரிப் பெட்டிகள் அதன்பின் வேறு குழுக்களிலிருந்தும் வந்தன. ஒவ்வொன்றையும் பலகையில் வைத்து, கொண்டுவந்தவர் கண் முன்னாலேயே ஏறி நின்று பார்த்துத்தான் கொடுத்தேன். முகம் சுளித்து வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும். மேடையில் வைக்கிற மைக்கை ஊதிப் பார்த்தேன், தூக்கிச் சுமக்கிற ஸ்பீக்கரை ஆட்டிப் பார்த்தேன், மிதிக்கிறதை மிதித்துப் பார்த்தேன். அண்ணன் அந்தப் பலகையைப் பார்த்தும் பார்க்காத மாதிரியே கடைசி வரை இருந்தார். கண் மங்கி, ஈயத்தின் நுனி இரண்டாகத் தெரிய ஆரம்பித்த வரை அந்த ஜன்னலோரத்தில்தான் இருந்தேன். அதன்பின் நானாகத்தான் எழுந்தேன்.

இதில் நான் போட்டிருக்கும் சிலது தப்பாக இருக்கலாம். டிரான்சிஸ்டர் ஏசி 128 என்று நினைவு, சரிதானா என்று தெரிந்தவர்கள் பார்க்க வேண்டும். கல்லல் கச்சேரி கோயிலிலா, கல்யாண வீட்டிலா என்பது எனக்கே குழப்பமாக இருக்கிறது. சங்கத்துப் பிள்ளைகளுக்கு நேரம் இருந்தால் நெற்குப்பையில் அந்த வீட்டைக் கேட்டுப் போய்ப் பாருங்கள். அந்தக் குடும்பத்தில் சாமானைத் தூக்கிப்போடுகிற வழக்கம் இல்லை, பெட்டி இருக்கும். மூடியைக் கழற்றினால் இடது மூலையில் எனாமல் சுரண்டிய இடமும் வாஷர் கடித்த தடமும் தெரியும். சரிபார்க்கிறவர்கள் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டாம். ஒரு பேட்டரி போட்டு, தரையில் வைத்து, ஏறி நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.